நம் பிசியின் பூர்வீகம் 4004-ஆ?

ஜூன் 3

ஒரு வாசகர் எழுதியது: "1971-இல் கால்குலேட்டருக்காக இன்டெல் செய்த 4004, அப்புறம் 8008, 8080, 8086, பென்டியம். ஒரே நேர்க்கோடு. 4-ஐ இரட்டித்தால் 8, அதை இரட்டித்தால் 16. இன்று நம் மேசையில் இருக்கும் ப்ராசசர் 4004-இன் கொள்ளுப்பேரன். இதில் பேச என்ன இருக்கிறது?"

ஜூன் 3, இரவு

நிறைய இருக்கிறது. 4004-ஐப் பெரிதாக்கி 8008 செய்யவில்லை. எண்களைப் பார்த்தால் அப்படித் தோன்றும், ஆனால் 8008-க்கு இன்டெல்லுக்குள் முதலில் இருந்த பெயர் 1201. கடைக்கு வரும்போதுதான் 4004-க்கு அண்ணன் மாதிரி இருக்கட்டும் என்று 8008 ஆனது. 4004 ஜப்பானின் பிசிகாம் கால்குலேட்டர் கம்பெனி கேட்டது. 8008 கதை டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் தொடங்குகிறது. அங்கே கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் என்று ஒரு கம்பெனி, 1970-இல் அவர்கள் அறிவித்த சாதனம் டேட்டாபாயின்ட் 2200. கீபோர்டு, 12 வரி காட்டும் குட்டித் திரை, இரண்டு கேசட், எல்லாம் ஒரே பெட்டிக்குள். பெயருக்குத்தான் டெர்மினல், உள்ளே முழுக் கம்ப்யூட்டர். அதன் ப்ராசசரின் கட்டளைகளை விக்டர் பூரும் ஹாரி பைலும் வகுத்தார்கள். அதை ஒரே சிப்பில் அடக்க முடியுமா என்று இன்டெல்லைக் கேட்டார்கள், 8008 வந்தது.

ஆக 8008-இன் கட்டளைகள் இன்டெல் யோசித்தவை இல்லை. வாடிக்கையாளர் கொடுத்தவை. அங்கிருந்துதான் 8080, 8086, இன்றைய பிசி ப்ராசசர் குடும்பமான எக்ஸ்86 எல்லாம். 4004-இன் கிளை 4040-ஓடு நின்றுவிட்டது.

ஜூன் 4, காலை

"சரி, யார் கொடுத்தால் என்ன, இன்று அதன் தடயம் ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. நான் கையால் தட்டியே பழகிய தடயம்.

8080-க்கு அடுத்து வந்த 8085 சிப்பின் பயிற்சிப் பலகையில் அசெம்பிளி (ப்ராசசரின் சொந்தக் கட்டளைகளிலேயே நிரல் எழுதுவது) படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பதினாறடிமான எண்களுக்கான சின்னக் கீபோர்டு, மேலே சிவப்பாக ஒளிரும் ஆறு இலக்கங்கள், அவ்வளவுதான் திரை. 2050 என்ற முகவரியை எச்எல் என்ற ரிஜிஸ்டர் ஜோடியில், அதாவது ப்ராசசருக்குள் எண்களை வைக்கும் இரண்டு சின்ன அறைகளில், ஏற்ற வேண்டுமென்றால் அந்தக் கட்டளையின் எண்ணான 21 அடிக்க வேண்டும், அடுத்து 50, அதற்கடுத்து 20. முகவரி 2050, அடிப்பது 50 20. கீழ் பைட் முதலில், மேல் பைட் பிறகு. ஏன் தலைகீழ் என்று கேட்டால் ஆய்வகத்தில் கிடைத்த பதில், "இன்டெல் அப்படித்தான், எழுதிக்கொள்." நோட்டில் எழுதிக்கொண்டோம், தேர்விலும் எழுதினோம், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

காரணம் டேட்டாபாயின்ட் 2200-இன் மெமரி. நினைத்த இடத்தை நினைத்தபோது படிக்கும் மெமரி அதில் கிடையாது. ஷிஃப்ட் ரிஜிஸ்டர், அதாவது பிட்டுகள் வரிசையில் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக வெளியே வரும். கூட்டலும் ஒவ்வொரு பிட்டாகத்தான் நடக்கும். காகிதத்தில் கூட்டும்போது நாம் வலது ஓரத்திலிருந்து தொடங்கி மிச்சத்தை இடப்பக்கம் கடத்துவோம் இல்லையா, அந்தச் சாதனத்துக்கும் அதே கட்டாயம். சின்ன பைட் முதலில் வந்தால்தான் கூட்டலைத் தொடங்க முடியும். பெரிய பைட் முன்னால் வந்துவிட்டால் மெமரி மறுபடி ஒரு சுற்று வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

8008 எட்டு பிட்டையும் ஒரே வீச்சில் கையாளும். அதற்கு இந்த வரிசை தேவையே இல்லை. ஆனால் டெர்மினலின் கட்டளைகளை அப்படியே ஏற்க வேண்டும் என்பது ஒப்பந்தம், அதனால் வரிசை தங்கிவிட்டது. 8080-க்குப் போனது, 8085-க்குப் போனது, 8086-க்கும் போனது. இன்று 64 பிட் ப்ராசசரின் மெமரியைத் திறந்து பார்த்தாலும் 2050 என்ற எண் 50 20 என்றுதான் கிடக்கும்.

ஜூன் 4, மதியம்

"அப்போ டேட்டாபாயின்ட்டில் 8008-ஐப் போட்டார்களா" என்று ஒருவர். இல்லை, அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் கடைசியில் அந்தச் சிப்பை வாங்கவே இல்லை. தாமதமாக வந்தது, வேகமும் போதவில்லை. டிடிஎல் என்ற சாதாரணச் சின்னச் சிப்புகளை அடுக்கித் தாங்களே செய்த பலகை அதைவிட நன்றாக ஓடியது. பணம் கொடுப்பதற்குப் பதிலாக வடிவமைப்பை இன்டெல்லே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைய கணக்கில் அது சரியான முடிவு, அதை வைத்து அவர்களை முட்டாள் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது.

இதே டெர்மினலுக்காக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் டிஎம்எக்ஸ் 1795 என்று ஒரு சிப் செய்து 1971-இல் விளம்பரமும் போட்டது. அது எந்தச் சாதனத்திலும் ஏறாமலே போய்விட்டது.

ஜூன் 5

உலகின் முதல் நுண்செயலி (மைக்ரோப்ராசசர்) எது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எஃப்-14 போர் விமானத்துக்கு ரே ஹோல்ட் குழு 1970-இல் முடித்த சிப் தொகுதி இருக்கிறது, ராணுவ ரகசியம் என்று 1998 வரை வெளியே பேச முடியவில்லை. ஃபோர்-ஃபேஸ் கம்பெனியில் லீ பாய்சலின் ஏஎல்1 இருக்கிறது. "ஒரே சிப்பில்", "கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய", "பொதுப் பயன்பாட்டுக்கான" என்று நிபந்தனைகளைச் சேர்க்கச் சேர்க்க வெற்றியாளர் மாறுவார். மூன்று நிபந்தனையும் வேண்டுமென்றால் 4004. நமது கேள்வி யார் மூத்தவர் என்பது இல்லையே, யாருடைய ரத்தம் நம் சிப்பில் ஓடுகிறது என்பதுதானே.

ஜூன் 7, நள்ளிரவு

மேலே உள்ளதைப் படித்தால் 4004-க்கு ஒன்றும் பெருமையில்லை என்று நான் சொல்வது போலத் தொனிக்கிறது. அப்படி இல்லை. கட்டளைகள் டெக்சாஸிலிருந்து வந்தன, அதைச் சிலிக்கானில் இறக்கும் கைவேலை 4004-இல் பழகியது.

இன்டெல்லில் டெட் ஹாஃபும் ஸ்டான் மேசரும் 4004-க்கு ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் அதை நிஜச் சுற்றாக வரைய ஆள் இல்லை. 1970 ஏப்ரலில் ஃபெடரிகோ ஃபாஜின் வேலைக்குச் சேர்கிறார். சேர்ந்த சில நாளில் பிசிகாமிலிருந்து மசதோஷி ஷிமா வந்து இறங்குகிறார், வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று சரிபார்க்க. சரிபார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. ஷிமாவுக்கு வந்த கோபத்தை முழுவதும் வாங்கிக்கொண்டவர், அந்தத் தாமதத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஃபாஜின். அப்புறம் வாடிக்கையாளரின் ஆளான ஷிமாவே கூட உட்கார்ந்து வேலை செய்தார். 2,300 டிரான்சிஸ்டர், 16 கால் (சிப்பைப் பலகையோடு இணைக்கும் பின்), 740 கிலோஹெர்ட்ஸ். சிப்பின் ஓரத்தில் ஃபாஜின் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து வைத்தார், நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும்.

முதலில் அந்தச் சிப் பிசிகாமுக்கு மட்டுமே சொந்தம். கால்குலேட்டர் விலை சரிந்ததும் அவர்கள் விலைக்குறைப்பு கேட்டார்கள், இன்டெல் 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை வாங்கியது. 1971 நவம்பர் விளம்பரம் அதனால்தான் சாத்தியமானது.

இதே ஃபாஜினும் ஷிமாவும் பிறகு 8080 செய்தார்கள். அப்புறம் ஃபாஜின் வெளியேறி ஸைலாக் கம்பெனி தொடங்க, ஷிமாவும் போய்ச் சேர்ந்தார். 1976-இல் ஸெட்80. அதன் விற்பனையை நிறுத்துவதாக 2024-இல்தான் அறிவித்தார்கள்.

ஜூன் 8

8008-க்கு 18 கால் மட்டும் ஏன் என்றால் கஞ்சத்தனம். இன்டெல் அப்போது மெமரி விற்கும் கம்பெனி, சின்ன உறைகள்தான் அவர்களுக்குப் பழக்கம். முகவரியும் தரவும் அதே எட்டுக் கால்களில் மாறி மாறிப் போக வேண்டும், அதைப் பிரித்தெடுக்கச் சுற்றிலும் ஒரு கூட்டம் துணைச் சிப்புகள். "ஒரே சிப்பில் கம்ப்யூட்டர்" என்று வாங்கி வந்தால் பலகை நிறைந்துவிடும்.

ஜூன் 9

8080-க்கு 40 கால் கிடைத்தது, 1974. மறு ஆண்டு ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழ் அட்டையில், 8080-ஐ உள்ளே வைத்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டர். வாங்கிப் போனவருக்குக் கிடைத்தது 256 பைட் மெமரி, முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், வரிசையாக விளக்குகள். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. ஒவ்வொரு பைட்டையும் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஏற்ற வேண்டும். எங்கள் 8085 பலகையை நொந்துகொண்ட எனக்கு, இதைப் படித்த பிறகு அது சொகுசு வாகனமாகத் தெரிந்தது.

அதே காலத்துப் போட்டிச் சிப் 6502-ஐக் காட்டி, ஒருவர் மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டிருக்கிறார்: "6502-விலும் கீழ் பைட்தான் முதலில். அது டேட்டாபாயின்ட் வம்சம் இல்லையே?" இல்லைதான். அங்கே காரணம் வேறு. 6502 செய்தவர்கள் மோட்டோரோலாவிலிருந்து பிரிந்து வந்த சக் பெடில் குழு. மோட்டோரோலா 6800-இல் மேல் பைட்தான் முதலில் வரும். அதை வேண்டுமென்றே மாற்றினார்கள். முகவரியின் கீழ் பைட் முதலில் வந்தால், மேல் பைட்டை மெமரியிலிருந்து எடுக்கும் நேரத்திலேயே இன்டெக்ஸை (முகவரியோடு சேர்க்க வேண்டிய எண்ணை) கூட்டி முடித்துவிடலாம், ஒரு சுழற்சி மிச்சம். ஒரே பழக்கம், ஒரு பக்கம் பரம்பரைச் சொத்து, இன்னொரு பக்கம் யோசித்து எடுத்த முடிவு. இதில் எனக்கு மரியாதை 6502-க்குத்தான்.

விலையும் அப்படி. 8080-க்குத் தனியாக வாங்கினால் 360 டாலர், 6502-க்கு 1975-இல் 25 டாலர். 6502-ஐ அறிமுகப்படுத்திய கண்காட்சியில், அரங்கத்துக்குள் விற்கக் கூடாது என்றதும் ஓட்டல் அறையில் ஜாடியில் போட்டு விற்றார்கள். ஜாடி நிறைய இருந்தால்தான் உற்பத்தி அமோகம் என்று நம்புவார்கள் என்று அடியில் வேலை செய்யாத சிப்புகளைப் போட்டு நிரப்பியதாகப் பெடிலே சொல்லியிருக்கிறார். அங்கே வாங்கிப் போனவர்களில் ஆப்பிளின் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர்.

1977-இல் வீடுகளுக்கென்று வந்த மூன்று கம்ப்யூட்டர்களில் ஆப்பிள் 2, கமோடோர் பெட் இரண்டிலும் 6502, டிஆர்எஸ்-80-இல் ஸெட்80. இன்டெல் சிப் ஒன்றில்கூட இல்லை. நேர்க்கோடு என்று சொன்னவர் இந்த இடத்தில் கோட்டை எப்படி வரைவார் என்று பார்க்க ஆசை.

ஜூன் 12

கோடு எப்படி மீண்டும் இன்டெல்லுக்கு வந்தது? தற்செயலும் அவசரமும்.

எழுபதுகளின் நடுவில் இன்டெல்லின் கனவு 432 என்ற பிரம்மாண்டமான 32 பிட் ப்ராசசர். அது முடிய ஆண்டுகள் ஆகும், ஸெட்80 சந்தையைத் தின்றுகொண்டிருக்கிறது, அதுவரை தாக்குப்பிடிக்க ஏதாவது வேண்டும் என்று ஸ்டீபன் மோர்ஸிடம் ஒப்படைத்த இடைக்கால வேலைதான் 8086. 1978-இல் வந்தது. 8080-க்கு எழுதிய அசெம்பிளி நிரலை இயந்திரத்தனமாக மாற்றி 8086-இல் ஓட்ட முடிய வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் ரிஜிஸ்டர்களும் ஃப்ளாகுகளும் (ஒரு கணக்கின் விடையைப் பற்றிக் குறிப்பு சொல்லும் ஒற்றை பிட்டுகள்) பழைய ஜாடையிலேயே பிறந்தன. 432 பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. 1981-இல் வந்து, மெதுவாக ஓடி, மறைந்தது.

அதே 1981 ஆகஸ்ட் 12-இல் ஐபிஎம் பிசி. உள்ளே 8088, அதாவது வெளியே எட்டு பிட் மட்டும் பேசும் 8086. மோட்டோரோலா 68000-ஐ எடுத்திருக்கலாமே என்று இன்றும் புலம்புபவர்கள் உண்டு, நானும் ஒரு காலத்தில் புலம்பியவன். 68000 அழகான சிப், சந்தேகமே இல்லை. ஆனால் எட்டு பிட் துணைச் சிப்புகள் மலிவாகக் குவிந்து கிடந்தன. பிசி குழுவில் பலர் அதற்கு முன் டேட்டாமாஸ்டர் என்ற ஐபிஎம் இயந்திரத்தில் வேலை செய்தவர்கள், அதில் இருந்தது 8085. அதன் விரிவாக்கப் பாதையைத்தான் கொஞ்சம் மாற்றிப் பிசிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டிய ஆள் கையில் பழகிய சாமானைத்தான் எடுப்பான்.

ஜூன் 12, சற்று நேரம் கழித்து

ஐபிஎம் பிசி ப்ராசசரின் வேகமான 4.77 மெகாஹெர்ட்ஸ் என்ற விநோத எண்ணைப் பற்றிக் கேட்டவருக்கு: அது அமெரிக்கத் தொலைக்காட்சியின் நிறம். அங்கே வண்ண சிக்னலின் அலைவெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதை நாலால் பெருக்கினால் 14.31818. அந்த வேகத்தில் துடிக்கும் ஒரே படிகத்தைப் போட்டு நாலால் வகுத்து வண்ணத் திரைக்கு, மூன்றால் வகுத்து ப்ராசசருக்கு (4.77), பன்னிரண்டால் வகுத்து டைமருக்கு என்று பகிர்ந்தார்கள். டைமருக்கு வருவது 1.193182 மெகாஹெர்ட்ஸ், அதை 65,536-ஆல் வகுத்தால் நொடிக்கு 18.2 துடிப்பு. அந்தப் பிசியின் இயக்க அமைப்பான டாஸில் நிரல் எழுதியவர்கள் "ஏன்டா 18.2, 20 என்று வைத்தால் என்ன" என்று திட்டிய அதே எண். அந்தப் பழைய டைமரைப் போல நடிக்கும் பகுதி பிந்தைய சிப்செட்டுகளிலும் தொடர்ந்து இருந்தது.

பிந்தைய பிசிகளின் முகப்பில் இருந்த டர்போ பட்டனும் இந்தக் குடும்பம்தான். 4.77 வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டுகள் புதிய இயந்திரத்தில் பறந்தன, நான் விரலை வைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பட்டனை அணைத்தால் ப்ராசசர் நடைக்கு வரும். வேகத்தைக் குறைக்கும் பட்டனுக்கு டர்போ என்று பெயர் வைத்தவர் நல்ல விற்பனையாளர்.

ஜூன் 15

"பழையதைச் சுமப்பதில் என்ன நஷ்டம், சும்மா ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று ஒருவர். ஓரமாக இருப்பதில்லை. ஏ20 கதையைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கேரி கில்டாலின் சிபி/எம் 8080-க்கு எழுதிய இயக்க அமைப்பு. அதில் நிரல்கள் ஏதாவது உதவி வேண்டுமென்றால் 5 என்ற முகவரியை அழைக்கும். அங்கே ஒரு தாவல் கட்டளை, அதன் முகவரி 6, 7-ஆம் இடங்களில் இருக்கும். அந்த எண்ணையே "எனக்கு எவ்வளவு மெமரி இருக்கிறது" என்று தெரிந்துகொள்ளவும் நிரல்கள் படித்தன. ஒரு எண், இரண்டு வேலை.

டிம் பேட்டர்சன் 8086-க்கு எழுதி, மைக்ரோசாஃப்ட் வாங்கி, டாஸ் ஆன அமைப்பு, சிபி/எம் நிரல்களை எளிதாக மாற்றிக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக இந்த 5-ஆம் முகவரி ஏற்பாட்டையும் வைத்திருந்தது. 6-இல் உள்ள எண் மெமரி அளவையும் சொல்ல வேண்டும், அதே சமயம் சரியான இடத்துக்கும் அழைக்க வேண்டும். எப்படி? 8086-க்கு 20 முகவரிக் கம்பிகள், ஒரு மெகாபைட். அதைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் போவது போல ஒரு முகவரியைப் போட்டார்கள், அது சுற்றி வந்து கீழே சரியான இடத்தில் விழுந்தது. கெட்டிக்காரத்தனம், சந்தேகமே இல்லை.

1984-இல் ஐபிஎம்மின் அடுத்த பிசி, பிசி ஏடி. உள்ளே 80286, 24 கம்பி, 16 மெகாபைட். இப்போது அந்த முகவரி சுற்றாது, உண்மையாகவே ஒரு மெகாபைட்டைத் தாண்டிப் போகும். பழைய நிரல் விழும். அதனால் ஐபிஎம் 21-ஆம் கம்பியை, அதாவது ஏ20-ஐ, ஒரு வாயில் வைத்து அடைத்தது. திறக்க மூட ஒரு கட்டுப்பாடு வேண்டும், பலகையில் கீபோர்டுக்கான சிப்பில் ஒரு கால் சும்மா இருந்தது, அதில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து பெரிய மெமரியைத் தொட வேண்டுமென்றால் கீபோர்டு சிப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். 286-ஐ, பெரிய மெமரியை முழுதாகத் தொடும் பாதுகாப்பு முறையிலிருந்து பழைய முறைக்குத் திருப்பவும் ஒரே வழி ரீசெட், அந்த ரீசெட்டும் அதே கீபோர்டு சிப் மூலம். 486, பென்டியம் சிப்புகளில் ஏ20-க்கென்றே தனிக் கால் இருந்தது.

பொழுதுபோக்காகச் சொந்தமாக ஒரு குட்டி பூட் நிரல் (கம்ப்யூட்டரை எழுப்பும் நிரல்) எழுதிப் பார்த்தபோது, மெமரிக்குப் போவதற்கு முன் கீபோர்டு சிப் ஓய்வாக இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கும் வரிகளைத் தட்டினேன். யாரோ 8080-க்கு எழுதிய ஏதோ நிரலுக்காக நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சத்தமாகத் திட்டியிருப்பேன்.

ஜூன் 16

ஆப்பிளின் மேக் எப்படி மூன்று முறை ப்ராசசர் குடும்பம் மாறியது என்ற கேள்வி நியாயமானது. 68000 குடும்பம், 1994-இல் பவர்பிசி, 2006-இல் இன்டெல், 2020-இல் ஏஆர்எம். கம்ப்யூட்டரும் இயக்க அமைப்பும் ஒரே கையில் இருந்தால் முடியும். பழைய நிரலைச் சில காலம் மொழிபெயர்த்து ஓட்டிக் கொடுத்துவிட்டு, "இத்தனை நாள்தான்" என்று கறாராகக் கதவை மூடுவார்கள். பிசி உலகில் அப்படி மூட யாருக்கும் அதிகாரமில்லை.

ஏஆர்எம் பிறந்ததும் 6502 வீட்டில்தான். ஏகார்ன் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கு 6502-ஐப் போட்டுப் பழகிய சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்த சிப்பைத் தாங்களே செய்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தது, ஓடியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டரைச் செருகினால் பூஜ்யம். பார்த்தால் மின்சாரக் கம்பியே இணைக்கப்படவில்லை. மற்ற சிப்புகளிலிருந்து வந்த சிக்னல்களில் கசிந்த மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. 25,000 டிரான்சிஸ்டர். அதே ஆண்டு வந்த 386-இல் 2,75,000.

ஜூன் 20

இன்டெல்லும் பழைய நிரல்களுக்குக் கதவை மூட முயன்றது. பழைய 16 பிட், 32 பிட் முறைகளில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு 64 பிட்டிலேயே விழித்துக்கொள்ளும் ப்ராசசர் வேண்டும் என்று 2023-இல் எக்ஸ்86எஸ் திட்டத்தை வெளியிட்டது, 2024 முடிவதற்குள் கைவிட்டது.

கடைசியாக வந்த கேள்வி: "கீழ் பைட் முதலில் என்பது இன்று பல குடும்பங்களில் இருக்கிறது. டேட்டாபாயின்ட்டுக்கு மட்டுமே உரிய ஒரு அடையாளத்தைக் காட்டுங்கள்." பாரிட்டி ஃப்ளாக். தொலைபேசிக் கம்பியில் வரும் எழுத்து பழுதாகாமல் வந்ததா என்று பார்க்க, ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று சொல்லும் பிட். டெர்மினலுக்கு அது வேண்டும், வேறு யாருக்கும் பெரிதாக வேண்டாம். 8008-க்கு வந்து, 8080 வழியாக 8086-க்குப் போய், 64 பிட்டிலும் இருக்கிறது. விடை 64 பிட்டாக இருந்தாலும் அது கீழ் எட்டு பிட்டை மட்டும்தான் எண்ணும்.

ஆனால் அதற்கு வேறு உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு தசம எண்களை ஒப்பிடும்போது ஒன்று செல்லாத எண்ணாக இருந்தால், ப்ராசசர் அந்தச் செய்தியைப் பாரிட்டி ஃப்ளாகில்தான் போடும். நம்பிக்கையில்லாதவர்கள் சி மொழியில் இரண்டு டபுள் (தசம) எண்கள் சமமா என்று பார்க்கும் ஒரு வரி ஃபங்ஷன் எழுதி, எக்ஸ்86-க்கு ஜிசிசி கம்பைலர் தரும் அசெம்பிளியைப் பாருங்கள். ஒப்பிடும் கட்டளைக்குக் கீழே பாரிட்டி ஃப்ளாகைப் பார்க்கும் ஒரு கட்டளை உட்கார்ந்திருக்கும்.